பதினைந்தாவது தாள்

நேசமலருக்கு வயது அறுபத்திரண்டு. அவருடைய வீட்டுக் கொதிகலனுக்கு முப்பத்திரண்டு. 2025 செப்டெம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குப் போகுமுன் குளிப்பதற்குக் குழாயைத் திறந்தபோது பச்சைத் தண்ணீர் வந்தது. ஐந்து நிமிடம் ஓடவிட்டும் அது சுடவில்லை.

அவர் கெல்லருக்கு இறங்கினார். வீட்டின் நிலவறைக்கு ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தமிழர் யாரும் வேறு பெயர் சொல்வதில்லை. சுவரோடு நின்ற சாம்பல் நிறக் கொதிகலனின் சின்னக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார். வழக்கமாக உள்ளே வரிசையாக நிற்கும் நீலச் சுடர்களைக் காணவில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தினார். டிக், டிக், டிக். பிறகு ஒன்றுமில்லை.

முன்மூடியைக் கழற்றிப் பார்த்தார். அதைப் பார்த்து அவருக்கு எதுவும் விளங்கப் போவதில்லை. ஆனால் மூடியின் உட்பக்கத்தில் கறுப்பு மையால் எழுதிய திகதிகள் இருந்தன. கணவர் அந்தோனிப்பிள்ளையின் கையெழுத்து. எல்லாமே நவம்பர் 1. சகல புனிதர் திருநாளன்று சேமக்காலைக் கல்லறைகளுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்துதான் அவர் வீட்டு அறைகளுக்குச் சூட்டைத் திறந்துவிடுவார். அதுவரை கொதிகலன் குளிக்கிற தண்ணீருக்கு மட்டும். ஒக்டோபரில் நேசமலர் கம்பளியைச் சுற்றிக்கொண்டு முறைத்தால், "சேமக்காலையில கிடக்கிறவை ஒண்டும் சொல்லேல்லை, உமக்கு இப்பவே குளிருதோ?" என்பார். அவர் எழுதிய கடைசித் திகதி 2022. அதற்குக் கீழே உள்ள இரண்டும் நேசமலர் எழுதியவை.

மூடியைத் திரும்பப் பூட்டிவிட்டுக் கொலோனில் இருக்கும் மகள் ஜெனிற்றாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"நல்லதாப் போச்சு," என்றாள் மகள். "அம்மா, அதைத் தூக்கி எறிவம். வேர்மெபும்ப போடுவம். அரசாங்கமும் உதவி செய்யுது. அன்ட்ராக் படிவமெல்லாம் நான் நிரப்பிறன், நீங்கள் கையெழுத்து மட்டும் வைச்சாப் போதும்."

வேர்மெபும்ப என்றால் வெளிக் காற்றிலிருந்தே சூட்டை இழுத்தெடுக்கும் பம்பி. ஜெனிற்றா இதை மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"பழுது பாத்தால் போதும் பிள்ளை. கொப்பர் கையால பாத்த சாமான்."

"அவர் கையால பாத்தது எண்டு எல்லாத்தையும் வைச்சிருக்கப் போறியளோ? அவற்ர பிறஷ் கூட இன்னும் பாத்ரூமில நிக்குது."

"நிக்கட்டுமே. உன்ர வாய்க்கை வந்தே நிக்குது?"

ஜெனிற்றா சிரித்துவிட்டாள். நேசமலரும் சிரித்தார். பழுது பார்ப்பது என்று முடிவாயிற்று. துவாரகனுக்குச் சொல்லி, வியாழக்கிழமை வருவதற்கு ஒரு தெர்மின் எடுத்தார்.

துவாரகனை அவன் ஐந்து வயதுப் பிள்ளையாக இருந்தபோதே நேசமலருக்குத் தெரியும். ஹம்மில் பிறந்தவன். இப்போது முப்பத்தெட்டு வயது, ஹைசுங் என்று அவர்கள் சொல்லும் கொதிகலன் வேலையில் மைஸ்ரர் பட்டம், பக்கவாட்டில் தன் பெயர் எழுதிய வெள்ளை வான். அந்தோனிப்பிள்ளையின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் அவனும் ஒருவன்.

வியாழக்கிழமை என்றதும் நேசமலர் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டார். புதன்கிழமை பின்னேரம் கெல்லரை ஒதுக்கிவிடலாம். இது பதினான்கு வருடப் பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அந்தோனிப்பிள்ளை 1985இல் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் நுழைந்து, அங்கிருந்து ஹம்முக்கு அனுப்பப்பட்டவர். கம்பித் தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருடம் நின்றார். நேசமலர் முதியோர் இல்லமொன்றின் குசினியில் வேலை செய்தார், இன்றும் செய்கிறார். 2011இல் ஹேஸன் பகுதியில் வீடு வாங்கினார்கள். சுரங்கத் தொழிலாளருக்கென்று நூறு வருடத்துக்கு முன் கட்டிய செங்கல் வீடு. ஒரு சுவர் பக்கத்து வீட்டோடு பொது.

குடிபுகுந்த முதற்கிழமை நேசமலர் மீன் பொரித்தார். பக்கத்து வீட்டுக் கொவால்ஸ்கி அம்மா தன் ஜன்னலை மூடினார். நடந்தது அவ்வளவுதான். அந்த மனுஷி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுநாள் வேலிக்கு மேலாக வணக்கமும் சொன்னார். ஆனால் புருஷனும் பெண்சாதியும் அந்த ஜன்னலைப் பற்றி ஒரு கிழமை பேசினார்கள். அடுத்த மாதமே பொரியலும் வறுவலும் கெல்லருக்கு இறங்கின.

இது அவர்கள் கண்டுபிடித்த வழி அல்ல. ஹம்மிலும் அயலிலும் சொந்த வீடு வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றில் இரண்டு குசினி. மேலே உள்ளது வருகிறவர்கள் பார்க்க. கீழே உள்ளது மிளகாய் வறுக்க, மீன் பொரிக்க, கொண்டாட்டத்துக்கு ரோல்ஸ் போட. கெல்லரில் கொதிகலன் நின்ற அறைதான் பெரிதாகவும் சூடாகவும் இருந்தது. அங்கே மின்சார அடுப்பு ஒன்று வைத்தார்கள். சின்ன ஜன்னலின் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டு, புகையை வெளியே தள்ளும் விசிறியை அந்தோனிப்பிள்ளை பூட்டினார். நல்ல பலமான விசிறி. உணவுக்கடை மூடிய கூட்டாளி ஒருவர் கொடுத்தது.

அதே அறையின் வெளிச்சுவரில், நிலத்தோடு ஒட்டி, ஒரு துளை இருந்தது. ஒரு சாண் அகலம், கம்பிவலை போட்டது. முதல் வருடம் சோதிக்க வந்த சிம்னிக்காரர் அதைக் காட்டி, "இதை ஒருபோதும் மூடாதீர்கள்" என்று ஜெர்மனில் சொன்னார். சிம்னிக்காரர் இந்த நாட்டில் சும்மா ஆள் அல்ல. கறுப்பு உடுப்போடு வருவார். வீட்டில் எரிகிற எதையும் சோதித்துத் தாள் எழுதுவார். அவர் நிறுத்தென்றால் நிறுத்த வேண்டும். துளை எதற்கென்றும் அவர் சொல்லியிருக்கக்கூடும். இருவரும் தலையாட்டினார்கள். எந்தப் போத்தலை எந்த வாளிக்குள் போடுவது, ஞாயிற்றுக்கிழமை ஏன் புல் வெட்டக்கூடாது என்று இந்த நாட்டின் விதிகளுக்கு ஒரு நீண்ட பட்டியல் அவர்களிடம் இருந்தது. துளையும் அந்தப் பட்டியலில் போய்ச் சேர்ந்தது.

முதல் மாரியிலேயே அந்தத் துளையால் ஊசிக் காற்று வந்தது. அடுப்படியில் நின்று பொரிப்பது அந்தோனிப்பிள்ளை. நேசமலர் மேலே மாக்குழைத்து, கறி வைத்து, சுற்றி அனுப்புவார். கீழே நிற்கிற மனுஷனின் முழங்கால் இரண்டும் குளிர் தாங்காதவை. நேசமலர் அவருடைய பழைய தொழிற்சாலை ஜக்கற்றை, நீல நிறம், தடித்த துணி, சுருட்டித் துளைக்குள் இறுக்கமாகச் செருகினார்.

"என்ர ஜக்கற் எனக்கு முன்னமே பென்ஷன் எடுத்திட்டுது," என்றார் அந்தோனிப்பிள்ளை.

சிம்னிக்காரர் வருகிற திகதியை எழுதிய அட்டை ஒவ்வொரு நவம்பரிலும் கதவில் தொங்கும். முதல் நாள் பின்னேரம் வேலை தொடங்கும். அடுப்பு மேலே போகும். எண்ணெய்ச் சட்டி, மிளகாய்ச் சாக்கு, கரண்டிகள் எல்லாம் மேலே போகும். விசிறியைக் கழற்றிக் கண்ணாடியைத் திரும்பப் பொருத்துவார்கள். ஜக்கற் துளையிலிருந்து வெளியே வரும். நிலம் எலுமிச்சை மணக்கக் கழுவப்படும். மறுநாள் சிம்னிக்காரர் கருவியைக் குழாய்க்குள் விட்டு அளந்து, தலையசைத்து, "குறையில்லை" என்று எழுதிக் கொடுப்பார். இந்தத் தெருவிலேயே சுத்தமான கொதிகலன் அறை இதுதான் என்று ஒருமுறை சொன்னார். அந்தோனிப்பிள்ளை அதைக் கோயிலில் நாலைந்து பேருக்குச் சொல்லி மகிழ்ந்தார். சிம்னிக்காரர் வாசலைத் தாண்டியதும் எல்லாம் பழையபடி கீழே இறங்கும். ஜக்கற்றும் துளைக்குள் போகும்.

அப்படி ஒரு நீலக் கோப்பில் பதினான்கு தாள்கள் சேர்ந்தன. கடைசி இரண்டு வருடமும் நேசமலர் தனியாகத்தான் அடுப்பைத் தூக்கினார்.

அந்தோனிப்பிள்ளைக்கு மாரிகாலச் சனிக்கிழமைகளில் தலையிடிக்கும். மிளகாய்ப் புகை என்பார். ஞாயிறு பூசைக்குப் போனால் மாறிவிடும். "பாத்தீரோ, கோயில் வாசலை மிதிச்ச உடன ஆண்டவர் எடுத்துப்போட்டார்," என்று மனைவியின் காதுக்குள் சொல்வார். 2019இல் அவருடைய இதயக் குழாய்களில் இரண்டு இடத்தில் அடைப்பை எடுத்து வலை வைத்தார்கள். அதற்குப் பிறகும் அவர் பொரிப்பதை விடவில்லை.

2023 பெப்ரவரி 11 ஒரு சனிக்கிழமை. மறுநாள் கொலோனில் ஜெனிற்றாவின் மகளுக்கு முதலாவது பிறந்தநாள். அப்பாவின் கை ரோல்ஸ்தான் வேண்டும் என்று ஜெனிற்றா சொல்லியிருந்தாள். இருநூறு. வெளியே நிலம் உறைந்திருந்தது. கொதிகலன் முழு வேகத்தில் எரிந்தது. காலை ஒன்பது மணியிலிருந்து அவர் கீழே நின்றார், மணம் மேலே வராமல் கதவைச் சாத்திக்கொண்டு. பன்னிரண்டு மணியளவில் படியேறி வந்தார். "மலர், தலை இடிக்குது. கொஞ்சம் சரியிறன்," என்று சொல்லி சோபாவில் படுத்தார். நேசமலர் போர்வையால் மூடிவிட்டு, மணம் போகட்டும் என்று ஜன்னல்களைத் திறந்தார். ஒரு மணிக்குத் தேத்தண்ணியோடு எழுப்பப் போனார்.

மருத்துவர் இதயம் என்று எழுதினார். யாரும் சந்தேகப்படவில்லை. இரண்டு வலை வைத்த இதயம்.

இனி செவ்வாய்க்கிழமைக்கு வரலாம். செப்டெம்பர் 23, பிற்பகல் நாலு மணி. நேசமலர் கெல்லரில் கறித்தூளுக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். விசிறி சுழன்றது. மணி அடித்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி ஏறிப் போய்த் திறந்தால், வாசலில் துவாரகன்.

"தம்பி, வியாழக்கிழமை எண்டெல்லோ சொன்னனீர்?"

"அடுத்த தெருவில ஒரு வேலை வேளைக்கு முடிஞ்சுது அன்ரி. அதான் எட்டிப் பாத்தனான். ஏன், வியாழக்கிழமை வந்தால்தான் தேத்தண்ணியோ?"

"அதில்லை... கீழ எல்லாம் ஒரே குப்பை. இதில இரும், ஒரு அரை மணித்தியாலம்."

அவன் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தான். மிளகாய்க் காரத்தில் மூன்று முறை தும்மினான். நேசமலர் பின்னால் ஓடிப்போய் அடுப்பின் மேல் ஒரு மேசைவிரிப்பைப் போட்டார். அது சூட்டில் மணக்கத் தொடங்கியதும் பதறி எடுத்தார்.

"என்ன அன்ரி மறைக்கிறியள்? எங்கட அம்மான்ர கெல்லரிலையும் இந்தக் கூத்துத்தான். நான் என்ன, சிம்னிக்காரனோ?"

நேசமலர் வெட்கத்தோடு சிரித்தார். சட்டியை இறக்கி, காரம் மேலே போகாமல் கதவைச் சாத்தினார். விசிறியை நிறுத்தவில்லை. காரம் போக வேண்டுமே.

துவாரகன் முன்மூடியைக் கழற்றி, திகதிகளை ஒருமுறை வாசித்து, பக்குவமாகச் சுவரோடு சாய்த்து வைத்தான். பத்து நிமிடத்தில் காரணம் தெரிந்துவிட்டது.

"பொறி அடிக்கிற ஊசி கரி பிடிச்சுக் கிடக்கு. வேற ஒண்டும் இல்லை. துடைச்சு விட்டா இன்னும் ஐஞ்சு வருசம் ஓடும். அங்கிள் நல்லாத்தான் பாத்திருக்கிறார்."

"அதைத்தானே நானும் சொல்லுறன்! அவளுக்கு நீரே எடுத்துச் சொல்லும், தம்பி. நான் சொன்னாக் கேக்கிறாள் இல்லை."

சுடர் பற்றியது. நேசமலர் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். நீலம். துவாரகன் கொதிகலனை முழு வேகத்துக்கு ஏற்றினான். கொஞ்சநேரம் எரியவிட்டுப் பார்க்க வேண்டும் என்றான். நேசமலர் கதிரையொன்றை இழுத்துப் போட்டார். அந்தோனிப்பிள்ளையின் கதிரை. அவன் அதில் இருக்கவில்லை. பேத்தி பாலர் பாடசாலைக்குப் போகிறாளா, கேவலார் யாத்திரைக்கு இம்முறை எத்தனை பஸ் போனது என்று கதை போனது.

அவனுடைய இடுப்புப் பட்டியில் தீப்பெட்டி அளவில் ஒரு மஞ்சள் பெட்டி தொங்கியது. ஏழாவது நிமிடமோ எட்டாவது நிமிடமோ, அது கத்தத் தொடங்கியது.

துவாரகனின் முகம் மாறியது. ஒரு கையால் கொதிகலனை நிறுத்தி, மறு கையால் நேசமலரின் முழங்கையைப் பிடித்தான். "மேல போங்கோ. மேல, மேல!" தோட்டத்துக் கதவால் வெளியே கொண்டுவந்து விட்டான். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு கீழே போய்க் கதவுகளைத் திறந்துவிட்டு வந்தான். கால் மணிநேரம் இருவரும் புல்லில் நின்றார்கள். என்ன பிழை என்று அவர் கேட்டார். பொறுங்கோ, எனக்கும் தெரியாது, பார்த்துத்தான் சொல்ல வேணும் என்றான்.

பெட்டி அமைதியானதும் திரும்ப இறங்கினார்கள். கொதிகலன் அணைந்திருந்தது. விசிறி மட்டும் ஓடியது. கொதிகலனுக்கு மேலே புகைக்குழாய் தொடங்குகிற இடத்தில் ஒரு திறந்த வாய் உண்டு. துவாரகன் கதவைத் திரும்பச் சாத்திவிட்டு, ஒரு நெருப்புக்குச்சியைத் தட்டி, ஊதி அணைத்து, அந்த வாய்க்குக் கிட்டப் பிடித்தான். மெல்லிய புகை குழாய்க்குள் ஏற வேண்டும். அது வெளியே வளைந்து, அறைக்குள் வந்து, நேசமலரின் தோளைத் தாண்டி விசிறியை நோக்கிப் போனது.

அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். நிலத்தோடு இருந்த துளையில் அவன் கண் நின்றது. போய்க் குந்தி, நீலத் துணியைப் பிடித்து இழுத்தான். அது இலேசில் வரவில்லை. வந்ததும் கையில் பிடித்துக்கொண்டே எழுந்து விசிறியை நிறுத்தினான். இன்னொரு குச்சி. புகை கொஞ்சம் தயங்கியது. பிறகு நேராகக் குழாய்க்குள் ஏறியது.

"கண்டியளோ?" என்றான். "ஃபான் இந்த அறைக் காத்தை இழுத்து வெளிய தள்ளுது. தள்ளின காத்துக்குப் பதில் காத்து உள்ள வர வேணும். ஓட்டையை அடைச்சாச்சு. அப்ப சிம்னியாலதான் வரும். வரேக்க ஹைசுங் எரிஞ்ச நச்சுக் காத்தையும் கீழ இழுத்துக்கொண்டு வரும். அதுக்கு மணமில்லை, நிறமில்லை. தலையிடிக்கும். பிறகு சோரும். பிறகு..."

அவன் அங்கே நிறுத்தினான். அவன் நிறுத்தியதிலிருந்து, அவனும் இப்போதுதான் அதை நினைத்தான் என்று நேசமலருக்குத் தெரிந்தது.

"தலையிடிக்குமோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"வெளிக்காத்துப் பட்டா மாறுமோ?"

"...ஓம் அன்ரி."

நேசமலர் கதிரையில் இருந்தார். "அண்டைக்கு அவர் மூண்டு மணித்தியாலம் இதில நிண்டவர். கதவையும் சாத்திக்கொண்டு."

துவாரகன் கையிலிருந்த ஜக்கற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

"தம்பி, உள்ளதைச் சொல்லும். அதாலதானோ?"

"அது எனக்குத் தெரியாது. இதயத்தில அடைப்பு இருக்கிற ஆளுக்கு உந்தக் காத்து கொஞ்சம் போதும் எண்டு எங்களுக்குப் படிப்பிச்சவை. ஆனா அங்கிளுக்கு அதுதான் நடந்தது எண்டு நான் சொல்லமாட்டன். சொல்லவும் ஏலாது. இனி ஒருத்தருக்கும் தெரிய வராது."

"வருசா வருசம் சோதிச்சவையே! பதினாலு தாள் கிடக்கு மேல. எல்லாத்திலையும் குறையில்லை எண்டுதானே கிடக்கு?"

"சோதிக்க வரேக்க இந்த ஜக்கற் எங்க இருந்தது, அன்ரி?"

அவன் குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. தொழில்காரன் கேட்கிற கேள்வி. நேசமலர் துளையின் பக்கம் கையைக் காட்டினார். "ஃபான் அவர் பூட்டினது. ஓட்டையை அடைச்சது நான். அவருக்குக் கால் குளிரக்கூடாது எண்டு," என்றார்.

மேலே குசினி மேசையில் துவாரகன் தாளை எடுத்தான். பேனையைத் திறந்துவிட்டு எழுதாமல் இருந்தான்.

"நான் கண்டதை எழுத வேணும் அன்ரி. ஓட்டை அடைச்சுக் கிடந்தது, ஃபான் ஓடினது, நச்சுக் காத்துத் திரும்பி வந்தது எண்டு. எழுதாமல் போக என்னால ஏலாது. என்ர கையெழுத்து."

"எழுதும்."

அவன் எழுதினான். பிறகு கீழே போய் விசிறியைக் கழற்றிக் கண்ணாடியைப் பொருத்தினான். துளை திறந்திருந்தால், விசிறி இல்லாதிருந்தால், கொதிகலனில் பயமில்லை என்று இரண்டு முறை சொன்னான். நச்சுக் காற்றைக் கண்டால் கத்துகிற, இடுப்பிலிருந்ததைப் போன்ற இன்னொரு பெட்டியைச் சுவரில் மாட்டினான். "ஹைசுங்கில ஒரு பிழையும் இல்லை. வைச்சிருக்க விருப்பமெண்டா வைச்சிருங்கோ." நேசமலர் ஊற்றிய தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது. வானில் ஏறியவன் கிளம்பாமல் யாருடனோ தொலைபேசியில் பேசினான். ஜன்னலால் அவனுடைய குரல் கேட்டது. "அம்மா, கெல்லரில அடுப்பை நிப்பாட்டுங்கோ. இப்பவே. நான் வாறன்."

அடுத்த நாலு நாளும் நேசமலர் கேத்தலில் தண்ணீர் சுடவைத்துக் குளித்தார். கொதிகலன் தயாராக நின்றது. பொத்தானை அழுத்தினால் போதும். தினமும் இறங்கிப் போய் அதன் முன் நின்றார். அதைத் திட்டலாமென்று பார்த்தார். திட்ட அதில் ஒன்றும் இல்லை. முப்பத்திரண்டு வருடமாகத் தன் வேலையைச் செய்த யந்திரம். அந்தோனிப்பிள்ளை தூசு தட்டி, மூடியில் திகதி எழுதி, ஊரெல்லாம் பெருமையடித்த யந்திரம். அதில் ஏதாவது பழுது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஐந்தாம் நாள் பொத்தானை அழுத்திவிட்டு, கொலோனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, நீ சொன்னதைப் போடுவம்."

"உண்மையாவோ? துவாரகனைக் கொண்டு பழுது பாக்கிறன் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"பாத்திட்டான். எனக்கு அது போதும். வேண்டாம்."

"கடைசியா என்ர சொல்லைக் கேட்டியளே!" ஜெனிற்றாவின் சந்தோஷம் காதில் குத்தியது. "அப்பா இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார், அம்மா."

அன்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அந்த இருநூறு ரோல்ஸ் யாருக்காகப் போட்டதென்று இருவருக்கும் தெரியும். ஜெனிற்றாவுக்குத் தெரியாதது ஒன்றுதான். தெரியாமலே இருந்தால் என்ன? ஒக்டோபர் முழுவதும் நேசமலர் வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்து இதையே யோசித்தார். ஜக்கற்றை மூன்று தடவை தோய்த்தார். கெல்லர் கொடியில் காயப்போட்டு, அங்கேயே விட்டுவிட்டார்.

நவம்பர் 1, சனிக்கிழமை. ஜெனிற்றா மகளோடு முற்பகல் ரயிலில் வந்தாள். மூன்று பேரும் சேமக்காலைக்குப் போனார்கள். மூன்றரை வயதுப் பேத்தி சிவப்புக் கண்ணாடிக்குள் மெழுகுதிரியை வைத்துவிட்டு, அது அணைகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தாள். கல்லறைக்கு முன்னால் சொல்லிவிடுவது என்று நேசமலர் வீட்டிலேயே முடிவுசெய்திருந்தார். ஆறேழு குடும்பங்கள் சுற்றி நின்றன. ஆட்களுக்குத் தலையசைத்துக்கொண்டே நேரம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஜெனிற்றா தானே கெல்லருக்கு இறங்கி அறைகளுக்குச் சூட்டைத் திறந்தாள். மூடியின் உட்பக்கத்தில் திகதி எழுதி, பக்கத்தில் 'கடைசி' என்றும் எழுதினாள். மேலே ஏறி வந்தபோது அவள் மேல் நீல ஜக்கற் இருந்தது. கை நீளம், விரல் நுனி மட்டும் தெரிந்தது.

"அம்மா, அப்பான்ர ஜக்கற்! இது எங்க கிடந்தது? நான் சின்னனில இதுக்குள்ளதானே ஒளிக்கிறனான்." கழுத்துத் துணியை மூக்கில் வைத்து இழுத்தாள். "சவர்க்காரம்தான் மணக்குது. ஏன் தோய்ச்சனீங்கள்? இதை நான் கொண்டு போறன்."

நேசமலர் சரி என்றார்.

"அந்த நீலக் கோப்பையும் தாங்கோ. ஹைசுங் எந்த வருசம், இதுவரைக்கும் என்ன சோதிச்சவை எண்டெல்லாம் அன்ட்ராக்கில கேப்பினம்."

கோப்பு மாடி அறையில், அலுமாரித் தட்டில் இருந்தது. நேசமலர் எடுத்தார். புதிய தாள் எல்லாவற்றுக்கும் மேலே, பதினைந்தாவதாக. அதைக் கோத்தவர் அவர்தான். வளையத்தைத் திறந்து அதை வெளியே எடுத்தார். மிச்சப் பதினான்கும் ஒரே மாதிரி, ஒரே சொல், குறையில்லை. கையில் தாளோடு கொஞ்சநேரம் நின்றார். சிம்னிக்காரர் வருகிறதுக்கு முதல் நாள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு படியில் நிற்பது போலவே இருந்தது.

கீழே குரல் கேட்டது. பேத்தி கேட்கிறாள், "உங்களுக்குக் குளிருதோ அம்மா?" ஜெனிற்றா சொல்கிறாள், "இல்லையடி. இது அம்மப்பான்ர ஜக்கற். அவர் கட்டிப்பிடிக்கிற மாதிரி இருக்கு."

நேசமலர் தாளைத் திரும்பக் கோத்தார். வளையத்தை மூடினார். இறங்கி வந்து கோப்பை மகளின் கையில் கொடுத்தார்.

"மேல கிடக்கிற தாளை முதல் வாசி, பிள்ளை. பிள்ளையைப் படுக்க விட்டிட்டு வாசி. வாசிச்சு முடிச்ச உடன எனக்கு எடு. எந்த நேரமெண்டாலும் எடு."

"ஏன், என்ன அதில?"

"துவாரகன் எழுதினது. உனக்கு விளங்கும்."

ஜெனிற்றா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு கேள்வி கேட்க வாயெடுத்தாள். பேத்தி சப்பாத்தைக் காணவில்லை என்று அழத் தொடங்கியதில் அது விடுபட்டுப் போயிற்று. ஐந்தரை மணி ரயிலுக்கு அவர்கள் கிளம்பினார்கள். கோப்பு முதுகுப் பையில் போனது. ஜக்கற்றை ஜெனிற்றா கழற்றவில்லை.

கொதிகலன் தை மாதம் கழற்றப்படும். புகைக்குழாயின் வாயும் சுவரிலுள்ள துளையும் அன்றே செங்கல் வைத்து அடைக்கப்படும். அந்தக் கோப்பைப் பார்த்து விண்ணப்பத்தை நிரப்புவதற்காக ஜெனிற்றா நவம்பர் 3, திங்கட்கிழமை விடுப்பு எடுத்திருந்தாள்.